மலாக்கா குன்றின் மேல் கூரையில்லாக் கோயில்

மலாக்காவுக்குப் போகிறவர்களில் பலர் சிவப்பு வண்ண டச்சுக் கோயிலின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதன் பின்னாலிருக்கும் குன்றில் படியேறினால்தான் அந்த ஊரின் கதை தொடங்கும். உச்சியில் இருப்பவை நான்கு சுவர்கள். நடுக்கூடத்துக்கு மேலே வெறும் வானம். இதுதான் புனித பவுல் கோயில்.

1511இல் போர்ச்சுக்கீசியர் மலாக்கா சுல்தானகத்தை வீழ்த்தினார்கள். பத்தாண்டு கழித்து, கடலில் உயிர்தப்பிய துவார்த்தே கொயெல்யோ என்ற கப்பல் தலைவர் நேர்த்திக்கடனாக இங்கே மாதாவுக்குச் சிறு கோயில் எழுப்பினார். 1548இல் அது இயேசு சபையின் கைக்கு வந்தது. அதைப் பெற்றுக்கொண்டவர் நம் முத்துக்குளித்துறைக் கரையில் பரதவர்களிடையே ஊர் ஊராக நடந்த சவேரியார்தான். தம் ஜப்பான் பயணத்துக்குக் காரணமான அஞ்சிரோ என்ற ஜப்பானியரை அவர் சந்தித்ததும் மலாக்காவில்தான். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். மறு ஆண்டு உடல் இந்தக் குன்றுக்கு வந்து, சில மாதங்கள் இங்கே மண்ணில் இருந்து, பிறகு கோவா போனது. வெறுமையான அந்தக் குழி இன்றும் கம்பி அடைப்புக்குள் இருக்கிறது. வெளியே நிற்கும் சவேரியார் சிலைக்கு வலக்கை இல்லை. 1614இல் அவருடைய வலக்கையை வெட்டி ரோமுக்கு அனுப்பியதோடு வழிகாட்டிகள் இதை முடிச்சுப் போட்டுச் சொல்வார்கள்.

எனக்கு அதைவிடச் சுவர்கள்தான் முக்கியம். தடித்த செம்பாறைக் கற்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் துளைதுளையான அவற்றின் மேனி தெரிகிறது. 1556இல் மேல்தளமும் 1590இல் மணிக்கோபுரமும் சேர்ந்தன. மாதாவுக்காகக் கட்டிய சுவர்கள் இவ்வளவு கனமாக இருப்பது தற்செயலல்ல. அன்று குன்றைச் சுற்றிக் கோட்டை, கீழே நீரிணை. இங்கே இருந்தவன் கண்ணில் படாமல் கப்பல் நுழைந்திருக்க முடியாது. 1641இல் வென்ற டச்சுக்காரர்கள் இதைத் தங்கள் சீர்திருத்தச் சபைக் கோயிலாக்கிக்கொண்டார்கள். 1753இல் அடிவாரத்தில் சிவப்புக் கோயில் முடிந்ததும் இங்கே வழிபாடு நின்றது; கட்டடம் கோட்டையின் உறுப்பானது. அடுத்து வந்த ஆங்கிலேயர் உள்ளே வெடிமருந்தை அடுக்கி, வாசலுக்கு நேரெதிரே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். முகப்பையே மறைக்கும் அந்த வெள்ளைக் கோபுரம் கண்ணை உறுத்துகிறது. ஆனால் ஆண்டவர்கள் எல்லோரும் இந்தக் குன்றை எதற்காக விரும்பினார்கள் என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

உள்ளே சுவரோரமாக டச்சு, போர்ச்சுக்கீசியக் கல்லறைப் பலகைகள் சாய்ந்து நிற்கின்றன. சில ஆளுயரத்துக்கும் மேல். கப்பல்களும் குலச்சின்னங்களும் மண்டையோடுகளும் அழுத்தமாகச் செதுக்கியவை. ஜப்பானின் ஆயராக இருந்து 1598இல் இறந்த பேத்ரு மார்த்தின்ஸும் இங்கேதான் அடக்கமானார்.

2008இல் மலாக்கா உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கூரையை மறுபடி போட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்; போட்டால் எந்த நூற்றாண்டின் கூரையைப் போடுவது? ஆனால் அந்தக் கல்லறைப் பலகைகள் மழையில் கரையவும் கூடாது, வருகிறவர்களின் கைபட்டுத் தேயவும் கூடாது. சுவரை ஒட்டி ஒரு தாழ்வாரம், பக்கத்தில் எழுத்துகளைப் படித்துச் சொல்லும் ஒரு பலகை. இவ்வளவாவது இப்போதே செய்யலாம்.