வீஜீஏ காட் வாங்கும் முன் விடை காணவேண்டிய ஐந்து கேள்விகள்

“வீஜீஏ காட்டை மாத்தினால் போதும், கேம் ஓடும்.” பழைய கணினி உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. சில வேளைகளில் இது உண்மை. பல வேளைகளில் அரை உண்மை. அந்த அரை உண்மையை நம்பிக் கடைக்குப் போனால், வாங்கிய காட் பெட்டிக்குள் பொருந்தாமல் போகலாம். பொருந்தினாலும் கணினி இயங்காமல் போகலாம். இயங்கினாலும் விளையாட்டு முன்போலவே தடக்கித் தடக்கி ஓடலாம்.

இது சிறிய செலவும் அன்று. 2022 ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதை நாம் எல்லோரும் கண்டோம். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமாயிற்று. கணினிப் பாகங்கள் எல்லாமே இறக்குமதிப் பொருட்கள். எங்கள் வீட்டில் இப்படியொரு பேச்சு எழுந்தபோது, அதே பணத்தை எதிர்பார்த்து எனது பிரத்தியேக வகுப்புக் கட்டணமும் தங்கையின் மூக்குக் கண்ணாடியும் வரிசையில் நின்றன. ஆகவே வாங்குவதற்கு முன் கணக்குப் பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அப்போது கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வீஜீஏ காட் என்றால் என்ன?

வீஜீஏ என்பது உண்மையில் 1987 இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒரு திரைக்காட்சி நியமம். அந்த நியமம் பழையதாகிப் போனாலும் பெயர் மட்டும் நம் நாட்டுக் கடைகளில் நிலைத்துவிட்டது. நாம் வீஜீஏ காட் என்று கேட்பது வரைகலை அட்டையைத்தான்.

நிக்காஹ் வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். தலைமைச் சமையற்காரர் ஒருவர் இருப்பார். எந்தச் சட்டிக்கு என்ன, எப்போது உப்பு, எப்போது இறக்குவது என்ற முடிவெல்லாம் அவருடையது. அவருக்கு உதவியாக வெங்காயம் உரிக்கப் பலர் உட்கார்ந்திருப்பார்கள். உரிப்பது இலகுவான வேலை. ஆனால் மலைபோலக் குவிந்திருக்கும். கணினியின் முறைவழியாக்கி, அதாவது கடைகளில் புரொசெசர் என்று கேட்பது, தலைமைச் சமையற்காரரைப் போன்றது. வரைகலை அட்டை வெங்காயம் உரிக்கும் கூட்டத்தைப் போன்றது.

எங்கள் கணினியின் இன்டெல் ஐ5-4460 முறைவழியாக்கியில் இருப்பவை 4 கருக்கள். அதில் பூட்டியிருந்த ஜீடீஎக்ஸ் 750 டீஐ என்ற 2014 ஆம் ஆண்டு வரைகலை அட்டையிலோ 640 சிறு கருக்கள். அவ்வளவு பேர் எதற்கு? முழு எச்டீ திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. படம் சீராக அசைய வினாடிக்கு 60 தடவை அதை வரையவேண்டும். வினாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கும் வேலை அது.

நானாவின் ஆசை

நானா கேட்டது மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர் 2024. விமானம் ஓட்டும் இந்த விளையாட்டுத் தொடரின் முதற் பதிப்பு 1982 இல் வந்தது. பிரான்சின் அசோபோ நிறுவனம் உருவாக்கிய 2020 ஆம் ஆண்டுப் பதிப்பில் செய்மதிப் படங்களைக் கொண்டு முழு உலகையும் அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டு, 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியிலிருந்து கிளம்பி, கடல்நீரேரிக்கு மேலாகப் பறக்கலாம் என்பதே நானாவுக்கு இருந்த இழுப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

இனிக் கேள்விகளுக்கு வருவோம்.

1. விளையாட்டு என்ன கேட்கிறது?

ஒவ்வொரு விளையாட்டுக்கும் குறைந்தபட்சத் தேவைப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் வரைகலை அட்டை ஒரு வரி மாத்திரமே. 2024 பதிப்பின் பட்டியல் ஜீடீஎக்ஸ் 970 அட்டை, ஐ7-6800கே முறைவழியாக்கி, 16 ஜிகாபைட் ராம் என்று போகிறது. 2020 பதிப்பின் பட்டியலோ ஜீடீஎக்ஸ் 770, ஐ5-4460, 8 ஜிகாபைட் ராம், 150 ஜிகாபைட் வன்தட்டு இடம் என்கிறது. எங்கள் கணினியில் இருந்தது ஐ5-4460, 8 ஜிகாபைட். இரண்டு பட்டியல்களையும் ஒரு தாளில் அருகருகே எழுதியபோதே பாதி விடை கிடைத்துவிட்டது. 2024 பதிப்புக்கு எங்களிடம் மூன்று குறைகள். 2020 பதிப்புக்கு ஒரே ஒரு குறை.

இலக்கங்களை வாசிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். பெரிய இலக்கம் எப்போதும் பெரிய வலுவைக் குறிப்பதில்லை. என்விடியா அட்டைகளில் முன்னுள்ள இலக்கம் தலைமுறையையும் கடைசி இரண்டு இலக்கங்கள் அந்தத் தலைமுறைக்குள் அதன் தரத்தையும் காட்டும். 2013 இல் வந்த 770, 2014 இல் வந்த 750 டீஐ அட்டையைவிட வேகமானது. அதுபோல 970, பின்னர் வந்த 1050 டீஐ அட்டையைவிட வலுவானது.

2. தடை எங்கே இருக்கிறது?

தலைமைச் சமையற்காரர் மெதுவானவர் என்றால் வெங்காயம் உரிக்க இன்னும் நூறு பேரை அழைத்தாலும் சாப்பாடு விரைவில் வராது. இதைக் காசில்லாமலே சோதிக்கலாம். விளையாட்டு ஓடும்போது டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்போமன்ஸ் பகுதியைப் பாருங்கள். வரைகலை அட்டை 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் அதுதான் திணறுகிறது. அது 50 சதவீதத்தில் சும்மா இருக்க, முறைவழியாக்கி முழுமூச்சில் ஓடினால் புதிய அட்டையால் பயன் குறைவு. ராம் நிரம்பி வன்தட்டு ஓயாமல் இயங்கினால் குறை அங்கே.

மொனிட்டரையும் மறக்கக்கூடாது. 1366 பெருக்கல் 768 திரையில் உள்ள புள்ளிகள் முழு எச்டீ திரையில் உள்ளவற்றின் பாதி அளவுதான். சிறிய திரைக்குப் பெரிய அட்டை வாங்குவது, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நூறு பேருக்கான சட்டி வாங்குவதைப் போன்றது.

3. மின் தாங்குமா?

அதிகம் பேர் தவறவிடும் கேள்வி இதுதான். எங்கள் மின் வழங்கியின், அதாவது பவர் சப்ளையின், பக்கத்தில் 450 வாற்று என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் முறைவழியாக்கியும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் உண்பது 12 வோல்ற்று வரியிலிருந்து வரும் மின்னைத்தான். ஸ்டிக்கரில் அந்த வரியில் 20 அம்பியர் என்றிருந்தது. 12 ஐ 20 ஆல் பெருக்கினால் 240 வாற்று. உண்மையான கணக்கு அதுதான்.

நகரத்துக் கடையொன்றில் எங்களுக்குக் காட்டப்பட்டது பாவித்த ஆர்எக்ஸ் 580. நல்ல வலுவான அட்டை. ஆனால் 185 வாற்று உண்ணும். எங்கள் முறைவழியாக்கி 84 வாற்று. இரண்டும் சேர்ந்தால் 269. எங்கள் பவர் சப்ளை தாங்காது. அதற்குத் தேவையான மேலதிக மின் இணைப்பும் அதில் இல்லை. “கொன்வேட்டர் போட்டால் சரி” என்று கடைக்காரர் நானாவைப் பார்த்துச் சொன்னார். தாள் என் கையில் இருந்தபடியால் பதிலை நான் சொன்னேன். கொன்வேட்டர் இணைப்பின் வடிவத்தைத்தான் மாற்றும். இல்லாத மின்னை உண்டாக்காது. அளவுக்கு மீறிய சுமையில் மலிவான மின் வழங்கி செயலிழந்தால் தாய்ப்பலகையையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும்.

தாய்ப்பலகைத் துளை தானாகவே 75 வாற்று வரை கொடுக்கும். 2019 இல் வந்த ஜீடீஎக்ஸ் 1650 அந்த 75 வாற்றுக்குள் அடங்குகிறது. 84 உம் 75 உம் 159. தாய்ப்பலகை, வன்தட்டு, விசிறிகளுக்கு ஏறத்தாழ 40 சேர்த்தாலும் 200 அளவில் நிற்கும். (1650 இலும் சில தயாரிப்புகள் தனி மின் இணைப்புக் கேட்கும். பார்த்து வாங்கவேண்டும்.) யூபிஎஸ் உள்ளவர்கள் அதையும் பாருங்கள். 650 வீஏ என்று எழுதியிருந்தாலும் அது தாங்கும் வாற்று அளவு அதைவிடக் குறைவு.

4. பெட்டிக்கும் பலகைக்கும் மொனிட்டருக்கும் பொருந்துமா?

கேசிங்கைத் திறந்து, அட்டை இருக்கும் இடத்தின் நீளத்தை அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். பிறகு துளையின் தலைமுறையைப் பாருங்கள். 2022 இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டீ புதியது. ஆனால் தரவு செல்ல அதற்கு நான்கு பாதைகள் மாத்திரமே. நான்காம் தலைமுறைத் துளையில் அந்த நான்கு பாதைகளில் வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் செல்லும். எங்கள் இரண்டாம் தலைமுறைத் துளையில் 2 ஜிகாபைட்தான். பழைய கணினிக்குப் புதிய அட்டைதான் சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமுடியாது.

பழைய மொனிட்டர்களில் நீல நிற வீஜீஏ இணைப்பு மாத்திரமே இருக்கும். இன்றைய அட்டைகளில் அது இல்லை. மொனிட்டரில் எச்டீஎம்ஐ இல்லாவிட்டால் எச்டீஎம்ஐயை வீஜீஏயாக மாற்றும் கருவியின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

5. இன்னும் எத்தனை காலம்?

அட்டை இயங்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். 750 டீஐ, 970, 1060 போன்றவை அடங்கிய பழைய குடும்பங்களுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் வழங்குவதை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்துவதாக அறிவித்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். 1650 அடுத்த குடும்பத்தைச் சேர்ந்ததால் இந்த நிறுத்தத்துக்குள் வரவில்லை.

பாவித்த அட்டை வாங்குபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். எதீரியம் என்ற மின்னியல் நாணயத்தை ஈட்ட உலகெங்கும் வரைகலை அட்டைகளை இரவு பகலாக ஓடவிட்டார்கள். 2022 செப்டெம்பர் 15 உடன் அந்த முறை முடிவுக்கு வந்தது. அப்படி உழைத்துக் களைத்த அட்டைகள் பாவித்த பொருட் சந்தைக்கு வந்தன. எனவே கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, விசிறி உறுமுகிறதா, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெரிகின்றனவா என்று பாருங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கணக்கின் விடை

2024 பதிப்புக்கு அட்டையை மாற்றினால் போதாது. முறைவழியாக்கியை மாற்றவேண்டும்; அதற்குத் தாய்ப்பலகையையும், அதற்கேற்ற ராமையும் மாற்றவேண்டும். அதாவது வேறு கணினியே வாங்கவேண்டும். 2020 பதிப்புக்கோ 1650 அட்டை ஒன்றே போதும். இரண்டு பதிப்பிலும் பலாலி ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். நானா சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். 1650 உம் பாவித்த 8 ஜிகாபைட் ராம் ஒன்றும் வாங்கினோம். நானா முதலில் வாப்பாவிடம் கேட்ட தொகையில் பாதிகூடச் செலவாகவில்லை. தங்கைக்குக் கண்ணாடி வந்தது.

மாற்றும் முறை கடினமன்று. பழைய டிரைவரை நீக்குங்கள். கணினியை நிறுத்தி மின் வயரைக் கழற்றுங்கள். பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி மிஞ்சிய மின்னை வெளியேற்றுங்கள். பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குங்கள். திருகாணியைக் கழற்றி, துளையின் ஓரத்திலுள்ள கொளுவியைத் தளர்த்தி, அட்டையை நேராக இழுங்கள். புதியதை ‘டிக்’ என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தித் திருகாணி பூட்டுங்கள். திறந்ததோடு உள்ளே படிந்த தூசியையும் மென்தூரிகையால் துடையுங்கள். மொனிட்டர் வயரைத் தாய்ப்பலகையில் அன்றி அட்டையிலேயே செருகவேண்டும். எங்கள் வீட்டில் இந்த வேலை முழுவதற்கும் அசருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் போதுமானதாக இருந்தது.

ஒரு செலவு கடையில் தெரியாது. இந்த விளையாட்டின் உலகம் 2 பெட்டாபைட்டுக்கு மேற்பட்ட தரவாக இணையத்தில்தான் இருக்கிறது. பறக்கப் பறக்க அது இறங்கிக்கொண்டிருக்கும். மாதாந்தத் தரவு அளவுக்குள் எவ்வளவு நேரம் பறப்பது என்பதை வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வீஜீஏ காட் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். சகோதரிகளே, அந்தத் தாளை எழுதுபவர் நானாவாகவோ தம்பியாகவோதான் இருக்கவேண்டும் என்றில்லை. பெருக்கலும் கூட்டலும் ஓர் அடிமட்டமும் ஒரு திருப்புளியும் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன.