காப்பீட்டு அட்டை காய்ச்சலுக்குச் செல்லுமா?



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் தெப்பக்குளம் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார்: "பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். எங்க தெரு கிளினிக்குல காப்பீட்டு அட்டையைக் காட்டினேன். இது இங்க செல்லாதுன்னுட்டாங்க. அப்ப இந்த அட்டை எதுக்குங்க?" பாதிப் பேர் "எங்களுக்கும் அப்படித்தான்" என்றார்கள். ஆகவே இந்த இதழில் அதைப் பற்றி எழுதுகிறோம்.

அந்த கிளினிக் டாக்டர் மேல் தப்பில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய செலவுக்கானது. ஆபரேஷன், இதய நோய், புற்றுநோய், டயாலிசிஸ் போன்றவற்றுக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. சளி, காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கி ஊசி போட்டுக்கொண்டு வருவது இதில் சேராது.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 முதல் இப்போதைய பெயரில் நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமான வரம்பு 72 ஆயிரமாக இருந்தது. 2022-ல் அதை 1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தினார்கள். அப்போது தகுதியில்லை என்று திரும்பி வந்தவர்கள் மறுபடி போய்ப் பாருங்கள். கொட்டப்பட்டு போன்ற முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

இதில் நம் பெண்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ரேஷன் கார்டுதான். அதில் பெயர் இருந்தால்தான் காப்பீட்டில் பெயர். நம் உறுப்பினர் ஒருவரின் மருமகளுக்குத் திடீரென வயிற்றில் ஆபரேஷன். அம்மா வீட்டுக் கார்டில் பெயரை எடுத்தாச்சு, புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்கலை. இரண்டு வருஷமா "நாளைக்குப் பார்க்கலாம்"தான். கடைசியில் குழுவில் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். அந்தத் தவணை இன்னும் முடியவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு அலைகிற அலைச்சலில் கால்வாசி போதும், இந்தப் பெயரைச் சேர்த்துவிடலாம்!

அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகவும். எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சிகிச்சை என்ற சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற எண்ணில் கேட்கலாம்; கட்டணமில்லை. ஆஸ்பத்திரியில் சேரும்போதே அட்டையைக் காட்டிவிட வேண்டும். பணம் கட்டிய பிறகு காட்டினால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

சரி, காய்ச்சலுக்கு? நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், ஸ்ரீரங்கம் அரசு ஆஸ்பத்திரி, புத்தூர் பெரியாஸ்பத்திரி. அங்கே அட்டையே வேண்டாம். சுகர், பிரஷர் மாத்திரை 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருகிற பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து போனவர்கள்தான்.

காய்ச்சலுக்கும் செல்லுகிற காப்பீடு ஒன்று உண்டு. அது இ.எஸ்.ஐ. என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடை வீதி கடைகளில் நம் பெண்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்! பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால் இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டும். 10 ஆயிரம் சம்பளத்துக்கு அவர்கள் பங்கு மாதம் 75 ரூபாய். முதலாளி பங்கு 325. அந்த அட்டையோடு இ.எஸ்.ஐ. மருந்தகம் போனால் தலைவலி முதல் பிரசவம் வரை, அவரை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் சேர்த்துப் பார்ப்பார்கள். பிடித்தம் போகிறது, ஆனால் அட்டை எண்ணே தெரியாது என்று சில பெண்கள் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணின் சம்பளச் சீட்டை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் ரேஷன் கார்டைக் கொண்டு வாருங்கள். யார் பெயர் விட்டுப்போயிருக்கு என்று ஒவ்வொரு கார்டாக உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.