முடியாது என்று சொல்லத் தெரியாத வியாபாரி

காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்கிறோம். மாலை ஏழு மணிக்குப் பூட்டுகிறோம். இடையில் ஐந்து நிமிடம்கூடச் சும்மா இருந்ததாக ஞாபகம் இல்லை. ஆனாலும் அன்று செய்ய நினைத்த வேலைகளில் பாதிகூட முடிந்திருக்காது. கொள்வனவுப் பட்டியல் எழுதப்படவில்லை. வங்கியில் இட வேண்டிய காசோலை லாச்சியிலேயே கிடக்கிறது. கடன் கொப்பி திறக்கப்படவே இல்லை.

நேரம் போதாது என்பதே இதற்கு நாம் வழமையாகச் சொல்லும் காரணம். ஆனால் அந்த நேரம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தால், அதில் பெரும் பகுதியை நாமே "சரி" என்று சொல்லி மற்றவர்களுக்குக் கொடுத்திருப்பது தெரியவரும்.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் வியாபாரம் செய்யும் ஒருவர், மறுத்திருக்கக் கூடிய விடயங்களில் தினமும் 2 மணித்தியாலங்களை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாட்களுக்கு 12 மணித்தியாலம். வருடத்தில் 50 வாரங்களுக்கு 600 மணித்தியாலம். அதாவது 60 கடை நாட்கள். கடை வாடகையையும் ஊழியர் சம்பளத்தையும் 50 வாரங்களுக்கும் கொடுக்கிறோம். வியாபாரத்தைக் கவனிப்பதோ 40 வாரங்கள் மட்டுமே.

பெருநாள் தையல் தரும் பாடம்

நேரத்திற்கும் மறுப்பிற்கும் உள்ள தொடர்பை நன்கு விளங்கிக்கொள்ள, பெருநாள் காலத்துத் தையல் கடை ஒன்றைப் பாருங்கள். இரண்டு தையற்காரர்கள் ஆளுக்கு நான்கு சேர்ட் வீதம் தைத்தால் ஒரு நாளைக்கு எட்டு. பெருநாளுக்கு 20 வேலை நாட்கள் இருந்தால் 160. அக்கடையின் நேரம் அவ்வளவுதான்.

160 ஆனதும் ஓடர் புத்தகத்தை மூடிவிடும் முதலாளி, அன்றைய தினம் சிலரின் மனவருத்தத்தைச் சம்பாதிக்கிறார். முகத்தை முறிக்க முடியாமல் 200 ஓடர் எடுப்பவரோ, பெருநாளைக்கு முந்திய இரவு 40 பேருக்குக் கையை விரிக்கிறார். முதலாமவரிடம் அடுத்த வருடம் வாடிக்கையாளர்கள் நேரத்தோடு வருவார்கள். இரண்டாமவரிடம் வரவே மாட்டார்கள். நேரத்தோடு சொல்லும் "முடியாது" ஒருவரைக் கொஞ்சம் வருத்தும். நிறைவேறாத "சரி" அவரை ஏமாற்றிவிடும். வாக்குத்தான் வியாபாரியின் முதல் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எதை மறுப்பது?

முகாமைத்துவ அறிஞர் பீட்டர் டிரக்கர் 1966இல் வெளியிட்ட 'தி எஃபெக்டிவ் எக்ஸிகியூட்டிவ்' என்ற நூலில், வேலைகளைத் திட்டமிடுவதற்கு முன்னர் நேரம் எங்கே செலவாகிறது என்பதை எழுதிப் பார்க்கச் சொல்கிறார். பின்னர் ஒவ்வொரு வேலையைப் பற்றியும் இரு கேள்விகள். இதைச் செய்யாமலே விட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது என்றால் அதை நிறுத்திவிட வேண்டும். இதை வேறொருவர் செய்ய முடியாதா? முடியும் என்றால் அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இக்கேள்விகளை எமது கடைக்கும் கேட்டுப் பார்க்கலாம். உதாரணமாக, திருப்பித் தருவாரா என்ற சந்தேகத்துடன் ஒருவருக்குக் கடன் கொடுக்கிறோம். அதில் போவது சரக்கு மட்டுமல்ல. பிறகு எடுக்கும் தொலைபேசி அழைப்புகள், வீடு தேடிச் செல்லும் பயணங்கள், மனச்சஞ்சலம் எல்லாமே எமது நேரத்திலிருந்துதான் போகின்றன.

எப்படி மறுப்பது?

எமது தடை அறிவில் இல்லை, தாட்சண்யத்தில்தான் இருக்கிறது. ஆகவே பின்வரும் வழிகளைக் கையாண்டு பாருங்கள்.

1. முன்கூட்டியே ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரதிநிதிகளைச் செவ்வாய், வியாழன் பிற்பகல் 2 முதல் 4 மணி வரை மாத்திரம் சந்திப்பதாக ஒரு பலகையில் எழுதி வையுங்கள். அப்போது அவரைத் திருப்பி அனுப்புவது நீங்கள் அல்ல, விதிதான். அவருக்கும் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

2. "பார்ப்போம்" என்ற சொல்லைத் தவிருங்கள். நீங்கள் மறுத்துவிட்டதாக நினைப்பீர்கள். கேட்டவர் சம்மதித்ததாக நினைப்பார். பிறகு நான்கு தடவை வந்து விசாரிப்பார்.

3. ஒரே காரணத்தைச் சொல்லி நிறுத்துங்கள். காரணங்கள் கூடினால் பேரம் தொடங்கிவிடும். இது வியாபாரிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விடயம் அல்ல.

4. முடிந்த அளவைச் செய்யுங்கள். "நானா, இந்த வருஷம் சங்கத்துச் செயலாளர் பொறுப்ப நீங்கதான் எடுக்கணும்" என்று ஒருவர் வந்து கேட்கிறார். "தம்பி, என்னை நினைச்சுக் கேட்டது சந்தோஷம். ஆனா, கடையில ஆள் குறைவு, இந்த வருஷம் ஏலாது. கூட்டத்துக்கு வேண்டிய கதிரைகள நான் பொறுப்பெடுக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வருட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். உறவும் முறியாது.

எல்லாவற்றையும் மறுப்பதா என்று சிலர் கேட்கலாம். இல்லை. மரண வீடு, நோயாளி, பழுதான பொருளோடு வந்து நிற்கும் வாடிக்கையாளர், நாம் கொடுக்க வேண்டிய கடன் ஆகியவற்றிற்கு நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. மற்றவற்றிற்கு மறுக்கப் பழகுவதே, இவற்றிற்கு நேரம் ஒதுக்கத்தான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கடையில் யாருக்கோ "சரி" என்று சொல்லும்போதெல்லாம், வீட்டில் எமக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அவரறியாமலே "முடியாது" என்று சொல்லிவிடுகிறோம்.

இந்த வாரம் மேசையில் ஒரு சிறிய கொப்பியை வையுங்கள். "சரி" என்று சொல்லும் ஒவ்வொன்றையும் அதற்குச் செலவான நேரத்தையும் குறித்து வாருங்கள். வார இறுதியில் அதைக் கூட்டிப் பார்த்து, அடுத்த வாரம் மறுக்க வேண்டிய ஒன்றே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அந்த ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் போதும்.