மண்ணாராய்ச்சியில் மாணவரின் பங்கு: ஸ்ட்ரெப்டோமைஸின் பிறந்த வரலாறு

கோடை வெப்பத்தில் காய்ந்து கிடந்த நிலத்தின்மேல் முதல் மழை விழுந்தவுடன் எழும் மண்வாசனையை அறியாத குடியானவர் எவருமிலர். அவ்வாசனைக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பவை ஆக்டினோமைஸீட்ஸ் என்னும் சூக்ஷ்ம ஜீவிகளாம். இவை பாக்டீரியா வகுப்பைச் சேர்ந்தவையாயினும், காளானைப்போல நூலிழைகளாகக் கிளைத்து வளர்வன. எருவும் தழையும் மக்கி மண்ணோடு மண்ணாவதற்கு இவை பெரிதும் துணை செய்கின்றன. வளமான மண் ஒரு கிராம் எடுத்தால் அதில் பல கோடி ஜீவிகள் வாழ்கின்றன; இடத்துக்கும் இரைக்குமாக அவை ஒன்றோடொன்று போட்டியிட்டு, சில தமது உடலினின்று ஒருவகைச் சத்தைச் சுரந்து அண்டையிலுள்ளவற்றை வளரவொட்டாமல் தடுக்கின்றன. க்ஷயரோகத்தை முதன்முதலாகத் தணித்த ஸ்ட்ரெப்டோமைஸின் என்னும் மருந்து இவ்வாறு எருவிட்ட நிலத்து மண்ணிலிருந்து கிடைத்ததே. அதைக் கண்டெடுத்தது ஒரு வைத்தியசாலை அன்று. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்து விவசாயப் பரிசோதனை நிலையமாகும். தன் கையால் அதைப் பிரித்தெடுத்தவர், அந்நிலையத்தோடு சேர்ந்த ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த 23 வயது மாணவர்.

அந்த ஆராய்ச்சிசாலையின் தலைவரான ஸெல்மன் வாக்ஸ்மன் என்பவரும் ஒரு காலத்தில் அங்கே மாணவராயிருந்தவரே. ருஷ்ய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த உக்ரேன் நாட்டில் 1888-இல் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய அவர், ரட்கர்ஸ் கலாசாலையில் லிப்மன் என்னும் மண்ணியல் ஆசிரியரிடம் பயின்று 1915-இல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே கலாசாலைப் பண்ணையில் குழிகள் தோண்டி, வெவ்வேறு ஆழங்களில் மண்ணெடுத்து, அவற்றிலுள்ள ஜீவிகளை எண்ணிக் கணக்கிடும் வேலை அவருக்கு ஒப்புவிக்கப்பட்டது. அவ்வேலையில்தான் ஆக்டினோமைஸீட்ஸ் அவர் கண்ணில் பட்டன. வாழ்நாள் முழுதும் அவற்றை அவர் விடவில்லை.

பின்னர் அவரே ஆசிரியரானபோது தம் மாணவர்களையும் அவ்வழியிலேயே நடத்தினார். அவரிடம் பயின்ற ரெனே துபோஸ் என்பவர் 1939-இல் நியூயார்க்கில் மண்ணிலுள்ள ஒரு பாக்டீரியாவிலிருந்து நோய்க்கிருமிகளைக் கொல்லும் பொருளொன்றைப் பிரித்தார். அச்செய்தி ஆசிரியரையே தூண்டிற்று. மண்ணிலுள்ள ஜீவிகளை முறையாக ஒவ்வொன்றாய்ச் சோதிக்கும் திட்டமொன்றை அவர் வகுத்து, மாணவர்களிடையே பங்கிட்டுக் கொடுத்தார். ஊட்ரஃப் என்னும் மாணவரோடு சேர்ந்து 1940-இல் ஆக்டினோமைஸின் என்ற பொருள் கண்டறியப்பட்டது. அது கிருமியைக் கொன்றதோடு பிராணியையும் கொன்றது. 1942-இல் கண்ட ஸ்ட்ரெப்டோத்ரைஸினும் நாள் கடந்தபின் நஞ்சாகவே முடிந்தது. ஆயினும் இத்தோல்விகள் வீணாகவில்லை. எவ்வாறு தேடுவது, எவ்வாறு பிரிப்பது, எவ்வாறு அளப்பது என்னும் முறைகள் யாவும் இவற்றால் திட்டப்பட்டன.

ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் அம்மாணவர் உழவுத்தொழில் செய்த குடும்பத்தினர். தாமும் நிலத்தை உழுது பிழைக்க வேண்டுமென்றே மண்ணியல் படிக்க வந்தவர். 1942-இல் பட்டம் பெற்று மேற்படிப்பில் சேர்ந்த சில மாதங்களில் யுத்த சேவைக்கு அழைக்கப்பட்டார். ராணுவ ஆஸ்பத்திரிகளில் கிருமி சோதிக்கும் வேலையிலிருந்தபோது, பெனிஸிலினுக்கும் ஸல்ஃபா மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகளால் சிப்பாய்கள் மடிவதைக் கண்டார். முதுகுவலி காரணமாக 1943 ஜூனில் விடுவிக்கப்பட்டு, மாதம் 40 டாலர் உதவிச் சம்பளத்தில் ஆசிரியரிடம் திரும்பினார். அவ்வகைக் கிருமிகளையும், அவற்றோடு க்ஷயக்கிருமியையும் அடக்கவல்ல பொருளைத் தேடுவது அவரது வேலையாயிற்று. க்ஷயக்கிருமி பிறருக்குத் தொற்றுமென்னும் அச்சத்தால் அவருக்குக் கட்டிடத்தின் நிலவறையிலே இடம் ஒதுக்கப்பட்டது.

அவர் கையாண்ட முறை எந்த விவசாயக் கலாசாலை மாணவரும் விளங்கிக்கொள்ளக்கூடியதே. சிறிதளவு மண்ணைக் கிருமி நீக்கிய நீரில் கலக்கி, அந்நீரில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் பத்து மடங்கு நீரில் கலந்து, இவ்வாறு பல முறை நீர்க்கச் செய்வார்கள். கடைசியில் ஒரு துளியை எடுத்து, அகர் என்னும் கடற்பாசிக் கூழ் உறைந்த கண்ணாடித் தட்டில் பரப்பி வைத்தால், சில தினங்களில் ஒவ்வொரு ஜீவியும் பெருகித் தனித்தனிப் புள்ளியாகத் தோன்றும். சுண்ணப்பொடி தூவினாற்போல் உலர்ந்து தோன்றும் புள்ளிகள் ஆக்டினோமைஸீட்ஸ். அவற்றுள் ஒன்றைப் பிரித்து வேறொரு தட்டில் கோடாக இழுத்து வளர்த்து, அதற்குக் குறுக்கே நோய்க்கிருமிகளைக் கோடுகளாக இழுப்பார்கள். கிருமிக் கோடு அருகே வராமல் தூரத்திலேயே நின்றுவிடுமானால், இடையில் ஏதோ தடைப்பொருள் பரவியிருக்கிறதென்று கொள்ளலாம். நூற்றில் தொண்ணூறு தட்டுகளுக்கு மேல் ஒன்றும் காட்டாமலே கழியும் வேலை இது. இதற்குக் கூர்மதியைக் காட்டிலும் சலியாத உழைப்பே முதலில் வேண்டும். மாணவர்களிடம் இது விடப்படுவதற்கும் அதுவே காரணமென்று சொல்லலாம்.

ஷாட்ஸ் தமது குறிப்பேட்டில் பதினோராம் பரிசோதனை என்று எண்ணிட்டு எழுதிய பகுதி 1943 ஆகஸ்டில் தொடங்குகிறது. அதில் சாம்பல் பச்சை நிறமுள்ள இரண்டு வகைகள் பிறவற்றினும் மேலாகக் கிருமிகளைத் தடுத்தன. ஒன்று மிகுதியாக எருவிட்ட வயல் மண்ணிலிருந்து வந்தது. மற்றொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. கோழிநோய்ப் பகுதியில் வேலை செய்த உடன்மாணவி டாரிஸ் ஜோன்ஸ் அத்தட்டை அவரிடம் கொடுத்தார். 1943 அக்டோபர் 19-ஆம் தேதி பிற்பகலில் புதுமருந்து கிடைத்துவிட்டதென்று அவர் தெளிந்தார். அவ்வளர்ப்பை ஒரு கண்ணாடிக் குழாயில் வைத்து, வாயை உருக்கி மூடித் தம் தாயாருக்குக் கொடுத்தார். நாலு மாதத்துக்குள் முடிந்த காரியம் இது. ஆனால் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு மருந்து சேர்ப்பதற்கு மேலும் பல மாதங்கள் இராப்பகலாக வடித்தார். குடுவையில் சிவப்புக் கோடிட்டு, திரவம் அம்மட்டத்துக்கு இறங்கியதும் தம்மை எழுப்புமாறு இராக்காவற்காரரிடம் சொல்லிவிட்டு, அந்த நிலவறையிலேயே படுத்துறங்கியதாகப் பிற்காலத்தில் அவர் எழுதியுள்ளார்.

கண்டுபிடிப்பின் செய்தி 1944 ஜனவரியில் அச்சாயிற்று. ஷாட்ஸ், எலிசபெத் பூகி, வாக்ஸ்மன் என்ற வரிசையில் மூன்று பெயர்கள் அதில் உள்ளன. மாணவர் பெயர் முதலிலும் ஆசிரியர் பெயர் கடைசியிலும் நிற்கின்றன. மேயோ வைத்தியசாலையில் ஃபெல்ட்மன், ஹின்ஷா என்னும் இருவர் கினிப்பன்றிகளுக்கு க்ஷயம் உண்டாக்கி இம்மருந்தைக் கொடுத்துக் குணம் கண்டனர். பிறகு மனிதருக்கும் அது கொடுக்கப்பட்டது. தனித்துக் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அதற்குப் பழகிவிடுகிறதென்றும், வேறு மருந்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டுமென்றும் விரைவில் தெரியவந்தது. ஆப்பிள், பேரி மரங்களின் கருகல் நோய்க்கும் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இதைத் தெளிக்கலாயினர். மனிதரைக் காக்கும் மருந்தைப் பயிர்மேல் மிகுதியாகத் தெளித்தால் கிருமிகள் அதற்குப் பழகிப்போமென்னும் அச்சம் இன்று பலமாக எழுந்துள்ளதையும் இங்கே குறிப்பிடாமல் விடுவதற்கில்லை.

மருந்து பெரும் பொருளீட்டத் தொடங்கியதும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே பிணக்கு நேர்ந்தது. பேடண்ட் உரிமை இருவர் பெயரிலும் 1948-இல் வழங்கப்பட்டது. இருவரும் தலைக்கு ஒரு டாலர் பெற்று அவ்வுரிமையைச் சர்வகலாசாலையின் அறநிதிக்கு மாற்றிக் கொடுத்திருந்தனர். கட்டுரையில் இரண்டாவதாக நின்ற பூகியின் பெயர் உரிமைப் பத்திரத்தில் இல்லை. ஆயினும் நூற்றுக்கு இருபது வீதம் ராயல்டி ஆசிரியருக்கு மட்டும் வந்துகொண்டிருந்ததை ஷாட்ஸ் பின்னரே அறிந்தார். 1950 மார்ச்சில் அவர் நியாயஸ்தலத்தை நாடினார். தேடும் முறையும் திட்டமும் ஆராய்ச்சிசாலைக்கு உரியவை. அவ்வேலையை எந்த மாணவரிடம் ஒப்புவித்திருந்தாலும் இம்முடிவு கிட்டியிருக்குமென்பது ஆசிரியர் தரப்பு. முறை எவருடையதாயினும், கண்டதும் பிரித்ததும் தம் கையே என்பது மாணவர் தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. வேலை தொடங்கும்போதே பங்கு இன்னதென்று எழுதி வைக்காததே பிழையாகத் தோன்றுகிறது.

அவ்வாண்டு டிசம்பரில் வழக்கு இணக்கமாக முடிந்தது. ஷாட்ஸ் சட்டப்படி உடன்கண்டுபிடிப்பாளரென்று ஒப்புக்கொள்ளப்பட்டார். அவருக்கு நூற்றுக்கு மூன்றும், ஆசிரியருக்குப் பத்தும், ஆராய்ச்சிசாலையில் உடனிருந்து உழைத்த பிறருக்கு ஏழும் என ராயல்டி வகுக்கப்பட்டது, எஞ்சியது அறநிதிக்கு. அப்பணத்தில் எழுந்ததே ரட்கர்ஸ் சர்வகலாசாலையிலுள்ள நுண்ணுயிரியல் ஆராய்ச்சி நிலையம். ஆனால் 1952-இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே அறிவிக்கப்பட்டது. அப்போது ஷாட்ஸ் ஆசிரியராயிருந்த பென்ஸில்வேனியாவின் சிறிய விவசாயக் கலாசாலை, அவரையும் சேர்க்கவேண்டுமென்று செய்த முறையீடு பலிக்கவில்லை. ஆசிரியரோடு வழக்காடினவர் என்னும் பெயரால் பெரிய ஆராய்ச்சிசாலைகளில் அவருக்கு இடம் கிடைப்பதும் அரிதாயிற்று. வாக்ஸ்மன் 1973-இல் காலமானார். பல்லாண்டு கழித்து 1994-இல்தான் ரட்கர்ஸ் சர்வகலாசாலை ஷாட்ஸுக்குத் தன் பதக்கத்தை வழங்கியது. 2005-இல் அவரும் மறைந்தார்.

பதினோராம் பரிசோதனை எழுதிய குறிப்பேடு சர்வகலாசாலையின் பழைய ஏடுகளிடையே இருப்பது 2012-இல் பத்திரிகைகளின் வாயிலாக வெளியுலகுக்குத் தெரிந்தது. தாயாருக்குக் கொடுத்த கண்ணாடிக் குழாய், வாய் மூடியபடியே, ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் வைக்கப்பட்டுள்ளது.