மறைந்த மையை மீட்டவர்

காரைக்கால் பகுதியில், கீழவாஞ்சூர் முதலான சிற்றூர்களிலும், ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவை அறியாதார் இல்லை. அவ்விழாவுக்குரிய காரைக்கால் அம்மையார், தம் பதிகத்தின் இறுதியில் 'காரைக்காற்பேய்' என்று தம் பெயரையே பதித்துச் சென்றார். ஆகவே பல நூற்றாண்டுகள் கடந்தும் அப்பாடல் யாருடையது என்ற ஐயம் எழவில்லை. ஐரோப்பாவில் சிந்தித்த பெண்மணியர் பலருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவர்களை மீட்டெடுக்கத் தம் புலமையை ஈடுபடுத்திய பேராசிரியை ஒருவரைப் பற்றி இங்குக் காண்போம்.

அவர் பெயர் ஐலீன் ஓநீல். 1953-இல் பிறந்து 2017-இல் மறைந்த இவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்; பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயிற்றினார்.

பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தின் பெயரை மெய்யியல் மாணவர் அனைவரும் அறிவர். உடலும் ஆன்மாவும் வெவ்வேறானவை என்றார் அவர். அங்ஙனமாயின் உடலற்ற ஆன்மா உடலை எவ்வாறு அசைக்க இயலும் என்று 1643-இல் மடல் எழுதி வினவியவர், 24 வயதே நிரம்பிய பொஹீமிய இளவரசி எலிசபெத். தெக்கார்த் மறுமொழி கூறத் திணறினார். மறு ஆண்டே தம் நூலொன்றை அவருக்குக் காணிக்கையாக்கினார். ஆயினும் தம் மடல்களை வெளியிட எலிசபெத் இசையவில்லை. அவை 1879-இல்தான் அச்சேறின!

இத்தகையோர் வரலாற்றினின்று மறைந்ததேன்? 1998-இல் வெளியான 'மறையும் மை' என்ற பொருள்படும் கட்டுரையில் ஓநீல் இவ்வினாவை ஆராய்ந்தார். இப்பெண்மணியர் வாழ்ந்த காலத்தில் கற்றோர் அவர்களை மதித்தே வந்தனர். பின்வந்த வரலாற்றாசிரியர்களே விட்டுவிட்டனர் என்று காட்டினார். சிலர் பெயரின்றி எழுதினர். வேறு சிலர் சமயம் சார்ந்த பொருள்களை எழுதினர். பிற்காலத்தார் அவற்றை மெய்யியலன்று என ஒதுக்கினர். காரணம் கூறியதோடு ஓநீல் நிற்கவில்லை. மார்கரெட் கேவண்டிஷ் 1666-இல் வெளியிட்ட அறிவியல் மெய்யியல் நூலைச் செம்மைப்படுத்தி, 2001-இல் மாணவர் கையில் சேர்த்தார்.

இத்துறையில் உழைத்துவரும் மற்றொருவர், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்டியா மெர்சர். தெக்கார்த்தின் புகழ்பெற்ற தியானங்களின் அமைப்பு, அவிலா நகர்ப் புனித தெரேசாளின் ஆன்மிக நூலுக்குக் கடன்பட்டது என்று அவர் 2017-இல் எழுதினார். 1970-இல் திருச்சபை மறைவல்லுநராக உயர்த்திய நம் புனிதையை, மெய்யியல் உலகம் இன்று புதிதாகக் கண்டுகொள்கிறது.

நம் இல்லங்களிலும் மை மறைந்துகொண்டுதானே இருக்கிறது? பாட்டியார் இயற்றிய செபம், தாயார் கூறிய விளக்கம் ஆகியன எத்தனை வீடுகளில் எழுதப்பட்டுள்ளன? எழுதுவோம், அடியில் அவர்கள் பெயரையும் ஆண்டையும் தவறாது குறிப்போம். வினா எழுப்பும் மகளை, "பெண்ணுக்கு இது எதற்கு?" என்று வாயடைக்காதிருப்போம். எலிசபெத் எழுப்பிய வினாவுக்கு அறிஞர் உலகம் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறது.