பிள்ளை கையில் வங்கிப் புத்தகம்

இலங்கையில் சிறுவர் சேமிப்புக் கணக்கைப் பெரும்பாலும் பெற்றோரே திறக்கிறார்கள். 18 வயதுவரை பணம் எடுப்பது பொதுவாகக் கடினம். உண்டியலும் புத்தகப்பையும் தருகிறார்கள் என்று வங்கியைத் தேர்வது பிழை. வட்டி, பணம் எடுக்கும் விதி, கிளையின் தூரம் ஆகியவையே முக்கியம். கரவனெல்ல போன்ற ஊர்களைச் சுற்றிய தோட்டக் குடும்பங்களுக்குத் தூரம்தான் முதல் கேள்வி: சிறு தொகை போடப் போனால் பஸ் காசே அதைத் தின்றுவிடும். தேசிய சேமிப்பு வங்கி 1972இல் தபாலகச் சேமிப்பு வங்கியையும் உள்வாங்கித் தொடங்கியதால், அதன் கணக்குக்குத் தபால் கந்தோரிலும் பணம் போடலாம்.

இந்தியாவிலோ 10 வயது நிறைந்த பிள்ளை தானே கணக்கைத் திறந்து நடத்தலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. தொகை வரம்பை அந்தந்த வங்கி தீர்மானிக்கும். இலங்கையில் பணம் எடுக்கும் உரிமை தள்ளிப்போனாலும், வைப்புச் சீட்டைப் பிள்ளையே நிரப்பலாம், மீதியைப் புத்தகத்தில் சரிபார்க்கலாம்.