பத்தாவது வருடத்திலும் வார்டில்

"நர்சிங் படிச்சா வேலைக்குப் பஞ்சமில்ல" என்று சொல்லித்தான் பெண் பிள்ளைகளையும், இப்போது ஆண் பிள்ளைகளையும் செவிலியர் கல்லூரியில் சேர்க்கிறார்கள். பேச்சு பெரும்பாலும் முதல் சம்பளத்தோடு நின்றுவிடும். அதே வேலையில் இருபது, முப்பது வருடம் சலிக்காமல் இருப்பது எப்படி என்று கேட்பவர்கள் குறைவு.

இதை யோசிக்க அமெரிக்க நர்சிங் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூல் உதவும். கற்றுக்குட்டியிலிருந்து வல்லுநர் வரை செவிலியரின் வளர்ச்சியை அவர் ஐந்து படிகளாகப் பிரித்தார். ஒரே மாதிரியான வார்டில் இரண்டு, மூன்று வருடம் இருந்தவர் மூன்றாம் படியில்தான் நிற்பார் என்பது அவர் கணக்கு. நம் ஊரில் பலருக்கு "போதும்டா சாமி" என்று தோன்றுவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

மேல் படிகளில் இருப்பவர் என்ன செய்வார் என்று பார்க்க, காலையில் டூட்டி மாறும் நேரத்து ஹேண்டோவரைக் கேட்டால் போதும். "மூணாம் பெட், பிபி, பல்ஸ் எல்லாம் நார்மல்தான். ஆனா விடியக்காலையிலேர்ந்து ஆளு சரியில்ல, பாத்துக்கோங்க." சார்ட்டில் குறை எதுவும் இல்லை. நோயாளி மூச்சு விடும் விதமும், கேட்டதற்குப் பதில் சொல்லும் வேகமும் மாறியிருப்பதை நைட் டூட்டி சிஸ்டரின் கண் பிடித்திருக்கிறது. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு ட்ரிப்ஸ் போடும்போதும் அப்படித்தான். புதியவர் பதற்றத்தில் ஊசியைக் கையில் எடுப்பார். பழகியவர் குழந்தையின் கையைச் சூடாக்கி, விரல் நுனியால் தடவி, நரம்பு தட்டுப்பட்ட பிறகே ஊசியைத் தொடுவார்.

இவ்வளவு தேறியவருக்கு நிர்வாகம் தரும் பரிசு பல இடங்களில் விநோதமானது. பதவி உயர்வு தந்து, டூட்டி சார்ட் போடவும் ஸ்டாக் ரிஜிஸ்டர் பார்க்கவும் உட்கார வைத்துவிடுகிறார்கள். நிர்வாகத்தில் ருசி உள்ளவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு இப்போது வேறு வழிகளும் திறந்திருக்கின்றன. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டு வருடம். மகப்பேறுக்கானது பதினெட்டு மாதம். டயாலிசிஸ், தொற்றுத் தடுப்பு, பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று ஒன்றில் ஊன்றி நிற்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீட்டுக்கே நோய்த்தணிப்புச் செவிலியர் போகிறார். மருத்துவமனைப் பரபரப்பு ஒத்துவராதவர்களுக்கு இந்த வேலை பிடித்துப்போகலாம்.

ஆனால், ஆள் பற்றாத வார்டில் எந்த ஆர்வமும் நீடிக்காது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து, நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2002இல் ஒரு கணக்குச் சொன்னது. அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. செவிலியர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்போ 23 சதவீதம் கூடுகிறது. செவிலியர் தினமான மே 12ஆம் தேதி 'தேவதை' என்று வாழ்த்தி ரோஜாப்பூ கொடுப்பவர்கள் இந்த எண்களையும் ஒருமுறை பார்க்கலாம்.

சம்பளக் கதையும் இருக்கிறது. தமிழக அரசில் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராடியபோது அவர்களின் மாத ஊதியம் 7,700 ரூபாய். தனியார் மருத்துவமனைகளுக்காக, உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016இல் ஓர் அளவுகோல் வகுத்தது: 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பரிந்துரை ஒரு பக்கம் இருக்க, வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் விமானம் ஏறுவதைப் பேராசை என்று சொல்வது நியாயமில்லை.

வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர், சம்பளத்தோடு இன்னும் சிலவற்றையும் கேட்டுவிடுவது நல்லது. இரவில் ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும்? நைட் டூட்டி தொடர்ந்து எத்தனை நாள்? மேற்படிப்புக்கு விடுப்பு உண்டா? அங்கேயே பத்து வருடமாக வார்டில் இருக்கும் சிஸ்டர் யாராவது உண்டா? இருந்தால், அவரைக் கேன்டீனில் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் மற்ற விவரமெல்லாம் தெரிந்துவிடும்.